தராசும் தீப்பெட்டியும்

சித்தி வீட்டுப் பரணில் ஒரு பழைய தொங்கு தராசு கிடக்கிறது. கடிகாரம் மாதிரி வட்ட முகம், மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி, 25 கிலோ வரை எண்கள். முள் ஒடிந்து பல வருஷமாயிற்று. 1990-ஐ ஒட்டிய ஏதோ ஒரு மாதத்தில் அது எங்கள் ஊர் வேப்பங்கிளையில் தொங்கியது. அதில் துணித் தொட்டில் மாதிரி ஒன்றைக் கட்டி, என்னையும் தொங்கவிட்டு எடை பார்த்திருக்கிறார் சித்தி. "நீ கத்துன கத்துல மரத்துக் காக்கா பூரா பறந்துட்டு" என்று இன்றைக்கும் சொல்வார்.

கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் ஊர். மழை பெய்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டிய கரிசல் மண். சித்தி அங்கே முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பால்வாடி டீச்சர். அரசாங்கம் அவருக்கு வைத்த பெயர்கள் பலமுறை மாறின. ஊருக்கு அவர் கடைசிவரை பால்வாடி டீச்சர்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் என் மகளைச் சேர்ப்பதற்காக ஒரு மாண்டிசோரி பள்ளிக்குப் போயிருந்தேன். சுற்றிக்காட்டிய ஆசிரியை ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரே மாதிரியான மரக் குப்பிகள். ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் குலுக்கி, ஒரே சத்தம் வரும் இரண்டை ஜோடி சேர்க்க வேண்டும். குழந்தையின் கேள்புலனைக் கூர்மையாக்க மரியா மாண்டிசோரி வகுத்த சாதனம் என்று விளக்கினார். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. இந்த விளையாட்டை நான் விளையாடியிருக்கிறேன், காலித் தீப்பெட்டிகளை வைத்து. இரண்டில் கேழ்வரகு, இரண்டில் உளுந்து, இரண்டில் புளியமுத்து. சித்தி குலுக்கிக் காட்டிவிட்டு, "இதுக்கு மாப்பிள்ளை எங்க?" என்று கேட்பார். நாங்கள் தேடிக் கண்டுபிடிப்போம்.

அன்று இரவே போன் செய்து, அதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "பயிற்சியில ஒரு அம்மா சொல்லிக் குடுத்தாக. டப்பா வச்சுச் செஞ்சாக. நம்ம ஊர்ல தீப்பெட்டிக்கா பஞ்சம்?" என்றார். மாண்டிசோரி என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை.

இத்தாலியில் பிறந்த ஒரு யோசனை, பெயரையும் முகவரியையும் தொலைத்துவிட்டு எங்கள் ஊர் வேப்பமரத்தடிக்கு எப்படி வந்தது? அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவந்தது. கூடவே இன்னொரு கேள்வியும் வந்தது. அது வந்து சேர்ந்தது என்றால், வராமல் போனவை என்னென்ன?

விதைக்கு ஒரு நிலையம்

ஆராய்ச்சி என்ற சொல் கரிசலுக்குப் புதிதல்ல. கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை 1901-இலேயே வந்துவிட்டது. இன்று அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. மானாவாரிப் பருத்தி, சோளம், கம்பு என்று அங்கே உருவான ரகங்களுக்குக் கோவில்பட்டியின் முதல் ஆங்கில எழுத்தான 'கே'தான் முன்னொட்டு. கே-1, கே-11 என்று போகும். கருங்கண்ணிப் பருத்தியில் தேர்ந்த விதையைப் பிரித்தெடுத்துக் கொடுத்ததும், வீசி விதைத்த காட்டில் வரிசை விதைப்பைப் பழக்கியதும் அந்தப் பண்ணையின் ஆரம்பகால வேலைகள்.

எங்கள் தாத்தாவுக்குப் பண்ணை ஆட்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. "பேண்ட்டு போட்டவன் சொல்லியா மழை பெய்யப் போவுது" என்பார். ஆனாலும் வயல் விழா என்றால் வண்டி கட்டிக்கொண்டு போய்விடுவார். பயிரைத் தொட்டுப் பார்ப்பார், காயைப் பிளந்து பார்ப்பார், அதிகாரியிடம் சண்டை போடுவார், கடைசியில் ஒரு படி விதையை வாங்கி வந்து வரப்போரமாகப் போட்டுப் பார்ப்பார். ஆராய்ச்சி செய்கிறவருக்கும் அதை வைத்துப் பிழைக்கிறவருக்கும் நடுவே ஒரு நிலமும், நின்று தர்க்கம் செய்ய ஒரு நாளும் இருந்தன.

பருத்தி விதைக்கு 1901-இல் கிடைத்த இந்த ஏற்பாடு, பிள்ளை வளர்ப்புக்குக் கரிசலில் கிடைக்க இன்னும் எண்பது வருஷம் ஆயிற்று. அதுவும் பாதிதான் கிடைத்தது.

அடையாற்றிலிருந்து முற்றத்துக்கு

1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி சென்னைக்கு வந்தார். வயது 69. அழைத்தவர்கள் பிரம்மஞான சபையின் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். அடையாற்றில் ஓலைக் குடிசைகளில் முதல் பயிற்சி வகுப்பு நடந்தது. நாடு முழுவதிலிருந்தும் சுமார் 300 பேர் வந்திருந்தார்கள். மாண்டிசோரி இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோ காவலில் வைக்கப்பட்டு, சில வாரங்களில் விடுவிக்கப்பட்டார். சில மாதப் பயணமாக வந்தவர்கள் போர் முடியும்வரை இங்கேயே இருக்க நேர்ந்தது. இடையில் கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் கழிந்தன.

அந்த ஆண்டுகளில் பயிற்சி பெற்றவர்கள் இந்தியா முழுக்கப் பள்ளிகள் தொடங்கினார்கள். ஆனால் மாண்டிசோரியின் சாதனங்கள் அளவெடுத்துச் செய்த மரச்சாமான்கள். அவை போய்ச் சேர்ந்த இடங்கள் பெரும்பாலும் நகரங்கள், படித்தவர் வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளிகள். மாண்டிசோரி தன் முதல் 'குழந்தைகள் இல்லத்தை' 1907-இல் ரோமில் திறந்தது, வேலைக்குப் போகும் ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத்தான். இந்தியாவில் அந்தத் திசை தலைகீழாகிவிட்டது.

அதைத் திருப்பியவர்களில் முக்கியமானவர் தாராபாய் மோடக். குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவுடன் மாண்டிசோரி முறையில் பணியாற்றியவர். இருவரும் 1926-இல் நூதன் பால சிட்சண் சங்கத்தைத் தொடங்கி, ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்குமாகப் பத்திரிகையும் நடத்தினார்கள். ஆராய்ச்சியை நடைமுறை ஆட்களின் மொழியில் எழுதிக் கொடுப்பது ஒரு தனி வேலை என்று புரிந்துகொண்டவர்கள் அவர்கள். 1945-இல் தாராபாய், மகாராஷ்டிரக் கடற்கரையில் போர்டி என்ற கிராமத்துக்குப் போனார். அனுதாய் வாக் அவருடன் சேர்ந்துகொண்டார். அங்கே மரச்சாமான்களுக்குப் பதிலாகக் கூழாங்கல், சிப்பி, இலை, விதை. பால்வாடிக்குப் பிள்ளைகள் வரவில்லை என்றதும் பால்வாடியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோனார்கள். முற்றத்துக்கு மராத்தியிலும் இந்தியிலும் 'அங்கன்'. இன்று நாம் சொல்லும் அங்கன்வாடி அங்கே முளைத்த சொல்.

சித்தியின் தீப்பெட்டி விளையாட்டுக்கு வம்சாவளி எழுதச் சொன்னால் இந்த வழியில்தான் எழுதுவேன். சுதந்திரத்துக்குப் பிறகு 1953-இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் வந்த மத்திய சமூக நல வாரியம் கிராம பால்வாடிகளுக்கு உதவித்தொகை கொடுத்தது. 1960-களில் பாலசேவிகாக்களுக்கான பயிற்சிகள் தொடங்கின. விலையில்லாப் பொருளில் விளையாட்டுச் சாமான் செய்வது அந்தப் பயிற்சிகளில் ஒரு பாடம். ஒரு பயிற்சியாளர் இன்னொருவருக்குச் சொல்லி, அவர் இன்னொருவருக்குச் சொல்லி, வாய்வழியாகவே வந்திருக்கிறது. நாட்டுப்புறப் பாட்டு வருகிற வழி இது. காரணம் உதிர்ந்துபோகும், செய்கை மட்டும் மிஞ்சும்.

தீப்பெட்டி ஆபீஸ்

கரிசலில் பிள்ளைகளின் கதையைத் தீப்பெட்டியை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. மானாவாரி பொய்த்த ஊர்களில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் முழுக்கத் தீப்பெட்டித் தொழில் பரவியது. எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான். ஆபீஸ் பஸ் விடியுமுன்னே ஊருக்குள் வந்து ஆரன் அடிக்கும். கட்டை அடுக்கப் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு ஏறும். 1983-இல் ஸ்மிது கோத்தாரி இதைப் பற்றி ஓர் ஆங்கில ஆய்விதழில் எழுதிய கட்டுரை நாடு முழுக்கக் கவனம் பெற்றது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டித் தயாரிப்பை அது தடை செய்த தொழில்களில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தார் உதவியோடு வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கு கொடுத்தது. பெட்டி ஒட்டுவது வீட்டுக்குள் தொடர்ந்தது. எங்கள் ஊர்க்காரரான எழுத்தாளர் பூமணி 2000-இல் 'கருவேலம்பூக்கள்' என்று படமாகவே எடுத்தார்.

பால்வாடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அம்மா ஆபீஸுக்கோ காட்டுக்கோ போய்விட்டால் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார்? ஏழு வயது அக்காள். அவள் பள்ளிக்கூடம் போகாததற்குப் பாதிக் காரணம் இடுப்பில் இருக்கும் தம்பி. பால்வாடி திறந்தால் முதலில் விடுதலை ஆவது அவள்தான். சித்தி இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. "சின்னதக் கொண்டாந்து விட்டுட்டு நீ பள்ளிக்கூடத்துக்கு ஓடு" என்று வீடு வீடாகப் போய்ச் சத்தம் போட்டவர் அவர்.

எல்லோரையும் அவரால் மீட்க முடியவில்லை. என்னோடு புளியமுத்துப் பெட்டிக்கு மாப்பிள்ளை தேடியவள் ஒருத்தி இருந்தாள். எங்கள் எல்லோரையும்விட வேகமாகக் கண்டுபிடிப்பாள். காதில் வைத்துக் குலுக்கக்கூட மாட்டாள், விரலில் தட்டியே சொல்லிவிடுவாள். மூன்றாம் வகுப்போடு நின்று பெட்டி ஒட்டப் போய்விட்டாள். நான் இன்ஜினியரிங் படித்தேன். இதில் என் கெட்டிக்காரத்தனத்துக்குப் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். என் அப்பா பஸ் கண்டக்டர், மாதச் சம்பளக்காரர். அவள் அப்பா மானாவாரி விவசாயி.

எண் வந்த வழி

சோறு முதலில் வந்தது. 1956-இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். கோவில்பட்டியிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தபோது, அது முதலில் கிராமத்துக் குழந்தைகள் மையங்களில் இருந்த 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளையும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டது. இவை பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதே காலத்தில் வந்த இன்னொரு திட்டம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அதுதான் சித்தியை வேலைக்கு எடுத்தது.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், சுருக்கமாக டினிப். உலக வங்கிக் கடனுதவியோடு 1980-இல் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் அன்றைய திருநெல்வேலியும் ஒன்று. அப்போது கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. ஆள் எடுக்கும் முறை விசித்திரமானது. உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும், ஓரளவு படித்திருக்க வேண்டும், ஏழையாக இருக்க வேண்டும், ஆனால் அவர் பிள்ளை திடமாக இருக்க வேண்டும். இல்லாமையிலும் பிள்ளையை நன்றாக வளர்த்த பெண்ணிடம் மற்றவர்கள் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்பது அதன் பின்னால் இருந்த யோசனை. பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் இதற்குத் தனிப்பெயரே வைத்தார்கள். சித்தி சொல்வது வேறு: "உன் தம்பி கொழுகொழுன்னு இருந்தான். அவனப் பாத்துத்தான் எனக்கு வேலை குடுத்தாக."

வேலை இதுதான். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் மாதாமாதம் எடை போட வேண்டும். வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். கோடு ஏறினால் சரி. படுத்தால் அந்தப் பிள்ளைக்கு 90 நாள் சத்து உருண்டை, தாய்க்குப் புத்திமதி. கோடு நிமிர்ந்ததும் உருண்டை நிறுத்தப்படும்.

அந்த அட்டைக்கும் ஒரு பயணக்கதை உண்டு. டேவிட் மோர்லி என்ற ஆங்கில மருத்துவர் 1950-களில் நைஜீரியக் கிராமம் ஒன்றில் வேலை செய்தபோது வளர்த்தெடுத்தது அது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் ஒரு பார்வையில் புரிய வேண்டும், அட்டை அவள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நைஜீரியத் தாய்க்காக இழுத்த கோடு முப்பது வருஷத்துக்குள் கரிசலுக்கு வந்துவிட்டது, அதன் காரணத்தையும் கூட்டிக்கொண்டு. "கோடு படுத்தா பிள்ளைக்குச் சீக்கு வருதுன்னு அர்த்தம். சீக்கு வந்தப்புறம் பாத்துப் பிரயோசனமில்ல" என்று சித்தி இன்றைக்கும் ஒரு டாக்டர் மாதிரி விளக்குவார். ஊர்ப் பெண்களும் அதை வாதாடிக் கற்றுக்கொண்டார்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது என்று அவர் மல்லுக்கட்டிய கிழவிகளின் பட்டியல் நீளமானது.

திட்டம் நடந்த இடங்களில் கடும் ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது என்று பிற்கால மதிப்பீடுகள் சொல்லின. உலகம் முழுக்க ஊட்டச்சத்துப் பாடத்தில் டினிப் ஓர் உதாரணமாயிற்று. சித்தி வரைந்த கோடுகளும் அந்தக் கணக்கில் உண்டு. அந்த முடிவை அவரிடம் யாரும் வந்து சொல்லவில்லை. புள்ளிவிவரம் மேலே போகப் படிக்கட்டு இருந்தது, கீழே இறங்க இல்லை.

விளையாட்டு வராத வழி

எடையைப் பற்றிய அறிவு இவ்வளவு சுத்தமாக வந்து சேர்ந்த அதே காலத்தில், விளையாட்டைப் பற்றிய அறிவு என்ன ஆயிற்று?

அது இல்லாமல் இல்லை. 1972-இல் மத்திய அரசுக்கு ஓர் ஆய்வுக் குழு அறிக்கை கொடுத்தது. பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தையின் வளர்ச்சி பற்றிய அறிக்கை அது. தலைவர் மீனா சுவாமிநாதன். தமிழ் வாசகர்களுக்கு அவரை இன்னொரு வழியில் அறிமுகப்படுத்தலாம்: 'வாஸவேச்வரம்' எழுதிய கிருத்திகாவின் மகள். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி. கணவர் விதையைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்டில் மனைவி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு, மருத்துவம், விளையாட்டு மூன்றும் ஒரே இடத்தில், ஏழைக்கும் கட்டுப்படியாகிற விதத்தில் கிடைக்க வேண்டும் என்பது அந்த அறிக்கையின் சாரம். 1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஐ.சி.டி.எஸ். திட்டத்துக்கு அது ஓர் அடித்தளம்.

அறிக்கையோடு அவர் நிற்கவில்லை. அங்கன்வாடிப் பணியாளர் கையில் வைத்துப் பயன்படுத்தும்படி விளையாட்டுக் கையேடுகள் எழுதினார். பிரேமா டேனியலுடன் எழுதிய ஒன்றை நேஷனல் புக் டிரஸ்ட் 2004-இல் வெளியிட்டது. 2022-இல் மறையும்வரை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் கூலியையும் மரியாதையையும் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

வெளியுலகில் ஆதாரம் குவிந்துகொண்டிருந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது ஜமைக்கா. கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள். சாலி கிராந்தம்-மெக்ரெகர் என்ற மருத்துவர் அவர்களைப் பிரித்து, சிலருக்குச் சத்துணவு கொடுத்தார். சிலர் வீட்டுக்கு உள்ளூர்ச் சுகாதாரப் பணிப்பெண்கள் வாரம் ஒரு மணி நேரம் போய், வேண்டாத பொருளில் செய்த பொம்மைகளை வைத்து, தாயையும் சேர்த்துக்கொண்டு விளையாடினார்கள். சிலருக்கு இரண்டும். இரண்டு வருஷம் நடந்தது. இரண்டும் கிடைத்த பிள்ளைகள் அதிகம் முன்னேறினார்கள் என்று 1991-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. இருபது வருஷம் கழித்து அதே ஆட்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது, விளையாட்டுக் கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம். 2014-இல் சயின்ஸ் இதழ் இதை வெளியிட்டது. வாரத்துக்கு ஒரு மணி நேரம், பொம்மையோடு ஒரு உள்ளூர்ப் பெண். சித்தியிடம் இல்லாதது எதுவும் அதில் இல்லை, அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எது எண்ணாக வருகிறதோ அதற்குத் திரையில் இடம் கொடுப்போம். திரையில் இடம் இல்லாத வேலையை ஆறு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். டினிப் வரலாற்றைப் படிக்கும்போது இது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. எடை எண்ணாகிறது. உருண்டை எண்ணாகிறது. மேற்பார்வையாளர் வந்தால் அட்டையை நீட்டலாம். இருபது பிள்ளைகளோடு அரைமணி நேரம் புளியமுத்தைக் குலுக்கியதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? எடையைப் பற்றிய அறிவு, கருவியோடும் அட்டையோடும் கேட்டுக்கொள்ள ஓர் அதிகாரியோடும் வந்தது. விளையாட்டைப் பற்றிய அறிவு, பயிற்சியின் மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் ஒரு செய்முறையாக வந்தது. 2021-இல் வந்த போஷன் டிராக்கர் செயலியிலும் சித்திக்குப் பின்னால் வந்த டீச்சர் பெரும்பாலும் பதிவது எடை, உயரம், வருகை, உணவு.

இரண்டு கைகள்

இந்தக் கதையில் நான் எதிர்பாராத ஒரு வளைவு உண்டு.

1990-இல் தொடங்கிய டினிப்பின் இரண்டாம் கட்டத்தில், சத்துணவு மையத்தையும் ஊட்டச்சத்து மையத்தையும் சேர்த்து இரண்டு பணியாளர் முறை கொண்டுவரப்பட்டது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளையும் வீட்டுச் சந்திப்பையும் ஒருவர் பார்ப்பார். மூன்றுக்கு மேலே உள்ள பிள்ளைகளை, முன்பருவக் கல்வியை, இன்னொருவர் பார்ப்பார். சித்தி மனம் நிறைந்து பேசுவது அந்தக் காலத்தைப் பற்றித்தான். தீப்பெட்டி விளையாட்டு வந்ததும் அப்போதுதான். 1997-இல் அந்தக் கட்டம் முடிந்தது. பிறகு எல்லாம் ஐ.சி.டி.எஸ். குடைக்குள் வந்தபோது, நாடு முழுக்க இருக்கும் வடிவமே இங்கும் நிலைத்தது. ஒரு மையத்துக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர்.

சுமார் இருபது வருஷம் போயிற்று. தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் நடத்தியது. குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு உள்ளூர்ப் பெண், அரைநாள் வேலைக்கு, முன்பருவக் கல்விக்கென்றே. ஒன்றரை வருஷத்தில் அந்த மையங்களில் கற்பித்தல் நேரம் இரட்டிப்பானது. பிள்ளைகளின் மொழியும் கணக்கும் தெளிவாகக் கூடின. அதோடு வளர்ச்சி குன்றுதலும் கடும் ஊட்டக்குறைவும்கூடக் குறைந்தன. ஏனென்றால், பாடம் நடத்தும் பாரம் இறங்கியதும் பழைய பணியாளருக்கு எடை பார்க்கவும் தாய்மாரிடம் பேசவும் நேரம் கிடைத்தது. நீண்டகாலப் பலன் செலவைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. 2021-இல் ஆய்வறிக்கையாக வந்து, பிறகு பொருளாதாரத் துறையின் முதல் வரிசை இதழ் ஒன்றில் அச்சானது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தக் கட்டுரையை எடுத்துப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து சித்திக்குத் தமிழில் சொன்னேன். அவர் பனங்கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டார். நான் சோதனை முறை, குலுக்கல், ஒப்பீடு எல்லாவற்றையும் விளக்கி முடிவைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏய்யா, ரெண்டு பேரு இருந்தா ஒருத்தி பிள்ளையப் பாப்பா, ஒருத்தி அட்டையப் பாப்பா. இதக் கண்டுபிடிக்கவா இம்புட்டுப் பேரு?"

"அப்படி இல்ல சித்தி. நிரூபிக்கணும்ல. ஒருத்தர் சொன்னாப் போதாதே."

"நான் ஒருத்தியா சொன்னேன்? மாசக் கூட்டத்துல நாங்க அத்தன பேரும் சொன்னோம்."

நான் சோதனையின் பக்கம் நின்று பேசிப் பார்த்தேன். அரசாங்கத்திடம் ஆயிரம் பேர் ஆயிரம் கேட்கிறார்கள், எல்லோரும் ஆள் கூடுதலாகத்தான் கேட்கிறார்கள், எதற்குக் கொடுத்தால் பிள்ளைக்குப் பலன் என்று அளந்து பார்க்காமல் எப்படித் தெரியும் என்றேன். இப்போதும் அதை நம்புகிறேன். டினிப்பின் இரட்டைப் பணியாளர் முறையை எல்லோருக்கும் பிடித்திருந்தது, ஆனால் அது என்ன பலன் தந்தது என்று அசைக்க முடியாத ஒரு எண் யார் கையிலும் இல்லை. அதனால்தான் அது போனபோது சண்டை போட ஆயுதம் இல்லை. சித்தி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சரி. அளந்தாக, நல்லது. அந்த அரைநாள் பிள்ளைகள்ட்ட, நீங்க செஞ்சதுல இது நடந்துச்சுன்னு வந்து வாசிச்சுக் காட்டுனாகளா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் கேட்டது அந்த மூன்று பேரை மட்டும் அல்ல என்று புரிந்தது. வேப்பங்கிளையில் அவர் தொங்கவிட்ட பிள்ளைகளின் கோடுகள் எங்கே போயின, அவற்றை வைத்து யார் என்ன எழுதினார்கள் என்று முப்பத்தைந்து வருஷமாக அவருக்கும் யாரும் வாசித்துக் காட்டவில்லை.

தமிழ்நாட்டில் 54,439 குழந்தைகள் மையங்கள் இருக்கின்றன. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று மாதத்துக்கு ஒரு கருப்பொருளோடு நல்ல பாடத்திட்டம் இருக்கிறது. 2019-இல் 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது மாண்டிசோரி என்ற பெயரும் அரசாணையோடு வந்து சேர்ந்தது. அறிவு வராமல் இல்லை. ஆனால் கட்டளையாக வருகிறது. காயைப் பிளந்து பார்த்து அதிகாரியிடம் மல்லுக்கு நிற்க எங்கள் தாத்தாவுக்கு ஒரு வயல் விழா இருந்தது. பால்வாடி டீச்சருக்கு இருப்பது மாதக் கூட்டம். அங்கே அவர் ரிஜிஸ்தரை நீட்டுவார், திருப்பி வாங்கிக்கொள்வார்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் அந்த ஆய்வையும் ஜமைக்கா கதையையும் சேர்த்து நாலு பக்கத்தில் தமிழில் எழுதினேன். சித்தி படித்துவிட்டு மூன்று இடங்களில் அடித்தார். 'அறிதிறன்' என்று நான் எழுதியிருந்ததை 'சூட்டிகை' என்று மாற்றினார். கோவில்பட்டியில் நகல் எடுத்து, இப்போதைய டீச்சரிடம் நாங்கள் இருவரும் போய்க் கொடுத்தோம். அவர் ஒரு கையால் செயலியில் வருகையை ஏற்றிக்கொண்டே மறு கையால் வாங்கினார். அன்று உதவியாளர் விடுப்பு. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே பதினெட்டுப் பிள்ளைகள்.

"ராத்திரி படிக்கேன்க்கா" என்றார் சித்தியிடம்.

சித்தி சரி என்று தலையாட்டிவிட்டு, மடியிலிருந்து ஆறு காலித் தீப்பெட்டிகளை எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். டீச்சர் அடுப்பைப் பார்க்கப் போனார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிலைப்படியிலேயே நின்றேன்.